மாதிரிப் பாதை

அக்டோபர் 7, திங்கள்

இன்று முதல் எனக்குப் பதவி உயர்வு. சம்பளம் அதேதான். நேற்றுவரை மென்பொருளில் பிழை தேடிக்கொண்டிருந்தேன். இனிமேல் மென்பொருள் பிறப்பதற்கு முன்பே அது என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று எழுத வேண்டும். அதற்குத் தேவைகள் ஆவணம் என்று பெயர். அதில் இருப்பதைத்தான் புரோகிராமர்கள் கட்டுவார்கள். இல்லாததைக் கட்ட மாட்டார்கள். தப்பாக எழுதியிருந்தால் தப்பாகவே கட்டுவார்கள், கேட்க மாட்டார்கள்.

எங்கள் முதலாளி ரங்கபிரசாத் சார் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு வேலையைப் பிடித்திருக்கிறார். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரும் மனுக்களைப் பதிந்து, பின்தொடர்ந்து, முடித்துவைக்கும் மென்பொருள். ஆவணம் முழுக்கத் தமிழில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கம்பெனியில் பதினோரு பேர். நாலு பக்கம் பிழையில்லாமல் தமிழ் எழுதும் ஆள் நான் ஒருத்திதான். அரசுப் பள்ளியில் படித்ததற்கு முதல்முறையாக ஒரு பலன்.

"வாணி, நீ இந்த மாவட்டம்தானே? எந்த ஊரு?" என்றார்.

"டவுன் பக்கம் சார்."

டவுனிலிருந்து பதினெட்டுக் கிலோமீட்டர். பக்கம்தான்.

அக்டோபர் 9, புதன்

மனுப் பிரிவின் கண்காணிப்பாளர் மங்கையர்க்கரசி மேடம். முப்பத்தொரு வருட சர்வீஸ். மேசையில் மூன்று பேனா, மூன்றுக்கும் மூடி இல்லை. நான் தயாரித்துப் போன நாற்பது கேள்விகளில் முதல் கேள்வியைத் தாண்ட முடியவில்லை.

"ஒரு மனு எப்ப முடிஞ்சதுன்னு எடுத்துக்கணும் மேடம்?"

"இங்கேருந்து அனுப்பிட்டா முடிஞ்சது."

"அனுப்புன இடத்துல வேலை நடக்கலைன்னா?"

"அது அவங்க மனு. எங்க மனு முடிஞ்சிடுச்சு."

"அவங்க உங்களுக்கே திருப்பி அனுப்புனா?"

"புது நம்பர் போடுவோம். புது மனு."

கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. எழுதிக்கொண்டேன். வரையறை ஒன்று: அனுப்பினால் முடிந்தது.

பிறகு அவராகக் கேட்ட வசதி ஒன்றே ஒன்று. "ஒரு பட்டன் வேணும்மா. அமுக்குனா மனுதாரருக்கு 'ஆவன செய்யப்படும்'னு எஸ்எம்எஸ் போயிடணும்."

"என்ன செய்யப்படும்னு சொல்ல வேண்டாமா?"

"ஆவன."

அக்டோபர் 14, திங்கள்

குறைதீர் கூட்டத்தை நேரில் பார்த்தேன். வாசலில் போலீஸ் ஒவ்வொருவர் பையையும் கொட்டிப் பார்க்கிறது. மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று. மனுக் கொடுத்துக் கொடுத்து அலுத்தவர்கள் இங்கே வந்து தலையில் ஊற்றிக்கொள்வதுண்டு. ஒரு பெண் காவலர், ஒரு அம்மாவின் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"குடிச்சே பாத்துட்டுக் குடும்மா," என்றார் அந்த அம்மா. "எங்க ஊரு தண்ணி, எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு."

மங்கையர்க்கரசி மேடம் சொன்னதன்பேரில் படிவத்தின் முதல் கட்டம்: மண்ணெண்ணெய்ச் சோதனை முடிந்ததா? ஆம் / இல்லை. மனுதாரர் பெயர் இரண்டாவது கட்டம்.

அக்டோபர் 15, செவ்வாய்

'பயனரின் மகிழ்ச்சி' என்று ஒரு பிரிவு சேர்க்கச் சொன்னார் ரங்கபிரசாத் சார். சேர்த்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

எங்கள் ஊர், கருவேப்பஞ்சேரி. துணி துவைத்தேன். சிலிண்டர் மாற்றினேன். அப்பாவுக்கு வாரத்துக்கான மாத்திரைகளைப் பிரித்து வைத்தேன், காலை மூன்று, மாலை இரண்டு. இருபத்திரண்டு வருடம் ஜல்லி மிஷினில் தூசி தின்ற நெஞ்சு. கட்டிலிலிருந்து குழாயடி போவதற்குள் இரண்டு முறை நிற்கிறார். டாக்டர் சொன்னதை இங்கே எழுதவில்லை.

புதன்கிழமை வேம்பு மாமா செத்துப்போனார். எங்கள் காலனிக்கும் எங்கள் சுடுகாட்டுக்கும் நடுவே ஊர்த் தெரு தட்சிணாமூர்த்தியின் கரும்பு வயல். அந்தக் கரும்புக்கு அடியில் ஒரு வண்டிப்பாதை இருக்கிறது. சர்க்கார் கணக்கில் இருக்கிறது, தரையில் இல்லை. அதனால் எங்கள் பிணங்கள் வாய்க்காலில் இறங்கிப் போகின்றன. ஊர்த் தெருவுக்குத் தனிச் சுடுகாடு, தார் ரோடு, தகரக் கொட்டகை, இரண்டு விளக்கு. அங்கே போகிறவர்களுக்கு வெளிச்சம் தேவைப்படுகிறது போலும்.

"தண்ணி இடுப்புக்கு மேலயாம்," என்றார் அப்பா. "பாடை சாஞ்சி வேம்பு தலை முங்கிடுச்சாம். செத்தவன் முங்குனா இன்னா. தூக்குனவனுங்களுக்குத்தான் சோறு எறங்கல."

கொஞ்ச நேரம் இருமினார். பிறகு, "எனக்குக் கோடையா அமைஞ்சா நல்லது," என்றார்.

ரெகுலேட்டர் சரியாகப் பொருந்தவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டிலுக்கு அடியில் தகரப்பெட்டி. அதில் பதினாறு மனுவின் நகல்கள். 2009-இலிருந்து ஆண்டுக்கொன்று. எல்லாவற்றிலும் அப்பாவின் கையெழுத்து, எல்லாமே 'பாதை வேண்டும்' என்று முடிகிறது.

"நீ மனு ஆபீசுக்குத்தான் போறியாமே."

"மென்பொருளுக்கு எழுதிக்குடுக்கப் போறேன்பா. மனு குடுக்க இல்ல."

"நான் ஒன்னும் கேக்கலயே."

அக்டோபர் 23, புதன்

ஆவணத்தில் ஓர் உண்மையான மனுவை எடுத்து, அது எந்தெந்த மேசைக்குப் போகிறது என்று தொடக்கம் முதல் கடைசிவரை காட்ட வேண்டும். அப்போதுதான் புரோகிராமர்களுக்குப் புரியும்.

"பழசுல ஏதாவது ஒன்ன எடுத்துக்கம்மா," என்று பதிவறையைத் திறந்துவிட்டார் மங்கையர்க்கரசி மேடம்.

கையை விட்டேன். வந்தது கருவேப்பஞ்சேரி காலனி மயானப் பாதை மனு. தற்செயல்தான். மூன்றரை மணி நேரம் ஆனது. தும்மல் இன்னும் நிற்கவில்லை.

மனுவின் பயணம் இப்படி: ஆட்சியர் அலுவலகம் வட்டாட்சியருக்கு அனுப்பியது. வட்டாட்சியர், பாதை போடுவது ஊராட்சி ஒன்றியத்தின் வேலை என்று அங்கே தள்ளினார். ஒன்றியம், காலனி விஷயம் ஆகையால் ஆதிதிராவிடர் நலப் பிரிவுக்கு. அவர்கள், இதில் சட்டம் ஒழுங்கு இருக்கிறது என்று காவல் நிலையத்துக்கு. காவல் நிலையம், நிலத்தை அளந்தால்தான் பேச முடியும் என்று மறுபடி வட்டாட்சியருக்கு. ஒவ்வோர் இடத்திலும் அனுப்பியவுடன் மனு முடிந்துவிட்டது. பதினைந்து வருடத்தில் எழுபத்தெட்டு முறை முடிந்திருக்கிறது. நிலுவைப் பதிவேட்டில்: இல்லை.

ரங்கபிரசாத் சார் நான் எடுத்துவந்த நகல்களைப் புரட்டினார். "பதினாறு மனுவா? சில பேருக்கு இதே பொழப்பு."

ஆமாம். சாவதும் இவர்களுக்கு ஒரு பொழப்புதான், விடாமல் செய்கிறார்கள். இதை அவரிடம் சொல்லவில்லை. இந்த மாதம்தான் அறைக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 5, செவ்வாய்

படம் வரைந்தேன். எங்கள் தொழிலில் ஒரு வேலை போகும் வழியைக் கோடும் பெட்டியுமாக வரைவோம்.

"இந்த சாம்பிள் ஃப்ளோவுக்குத் தமிழ்ல என்ன போட்டிருக்க?" என்றார் ரங்கபிரசாத் சார்.

"மாதிரிப் பாதை, சார்."

"சூப்பர். கவித மாதிரி இருக்கு."

மேலே ஒரு வட்டம். தொடக்கம்: காலனி. கீழே ஒரு வட்டம். முடிவு: மயானம். நடுவே நேர்க்கோடு, ஓரத்தில் அலுவலகங்கள் சின்னச் சின்னப் பெட்டிகளாக. கோட்டின் பாதியில் ஒரு டைமண்ட். டைமண்ட் என்றால் கேள்வி என்று பொருள். 'தடை நீங்கியதா?' ஆம் என்றால் கோடு நேரே கீழே இறங்கும். இல்லை என்றால் வளைந்து மறுபடி காலனிக்கே வந்துவிடும்.

புல எண் 214/3, நீளம் 640 மீட்டர், அகலம் 4 மீட்டர் என்று மனுவில் இருந்ததை அப்படியே போட்டேன். கற்பனை எண்களைப் போட்டால் படிப்பவர்களுக்கு நம்பிக்கை வராது. அதனால்தான்.

ஒரே ஒரு சிக்கல். இந்த மனுவுக்கு முடிவு கிடையாது. முடிவில்லாததை வைத்து மென்பொருள் கட்ட முடியாது. ஆகவே முடிவை நானே எழுதினேன். 'புல எண் 214/3-இல் உள்ள பாதையை வட்டாட்சியர் அளந்து கல் நட வேண்டும். ஊராட்சி ஒன்றியம் கிராவல் கொட்டி ஒப்படைக்க வேண்டும். காவல் நிலையம் பாதுகாப்பு அளிக்க வேண்டும்.'

பின்னிணைப்பு மூன்று, பக்கம் 79. மாதிரிக்குத்தானே.

நவம்பர் 15, வெள்ளி

ஏழு அலுவலகங்களின் ஆய்வுக் கூட்டம். மூன்று மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் முந்திரி பக்கோடா.

தாமதத்துக்கான காரணப் பட்டியல் விவாதத்துக்கு வந்தது. மழை, தேர்தல், பணியாளர் பற்றாக்குறை, இதர. 'சாதி' என்று ஒன்று சேர்க்கலாமா என்று கேட்டேன். ரங்கபிரசாத் சார் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

"அதெல்லாம் நம்ம மாவட்டத்துல கிடையாதும்மா," என்றார் ஒன்றிய அதிகாரி.

"இருந்தா 'இதர'ல போட்டுக்கலாம்," என்றார் வருவாய் அதிகாரி. அவர் நல்லவர். வழி சொன்னார்.

அதன் பிறகுதான் பெரிய சண்டை. வட்டாட்சியர் இரண்டாம் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பக்கத்துக்கு மேல் யாரும் போகவில்லை என்பது பிறகு தெரிந்தது.

"எல்லா வரியும் 'வேண்டும் வேண்டும்'னு முடியுது. என்னம்மா இது? கடவுச்சொல்லைச் சரிபார்க்க வேண்டும். கோப்பைச் சேமிக்க வேண்டும். மனுவுலதான் வேண்டும் வரும். ஜனங்க கேக்குற வார்த்தை அது. ஆபீஸ் காகிதத்துல வரக் கூடாது."

"தேவைகள் ஆவணம்னாலே வேண்டும்னுதான் சார் வரும்."

"ஆபீஸ் காகிதம்னா 'ஆவன செய்யவும்'னு வரணும்."

ஏழு பேரும் ஒருமனதாகத் தலையாட்டினார்கள். இந்த மாவட்டத்தில் ஏழு அலுவலகமும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

நவம்பர் 16, சனி

கணினியில் 'வேண்டும்' என்பதைத் தேடி 'ஆவன செய்யவும்' என்று மாற்றச் சொன்னேன். 312 இடங்களில் மாறியது. நான்கு நொடி.

'மென்பொருள் கடவுச்சொல்லைச் சரிபார்க்க ஆவன செய்யவும்.' 'தவறான எண்ணை உள்ளிட்டால் திரை சிவப்பாக மாற ஆவன செய்யவும்.' சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பக்கம் 79 வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

'பாதையை வட்டாட்சியர் அளந்து கல் நட ஆவன செய்யவும்.'

திருத்தலாமா என்று யோசித்தேன். ஓரிடத்தை மட்டும் வேறு மாதிரி விட்டால் ஆவணத்தில் சீர்மை இருக்காது. விட்டுவிட்டேன்.

நவம்பர் 27, புதன்

கையொப்ப நாள். 83 பக்கம், ஏழு பிரதி, பக்கத்துக்கு ஏழு கையெழுத்து. கையெழுத்துப் போடும்போது யாரும் படிக்க மாட்டார்கள், கை வலிக்கும் அவர்களுக்கு. பக்கம் 79-ஐ வட்டாட்சியர் போனில் பேசிக்கொண்டே கடந்தார். காவல் நிலைய ஆய்வாளர் தப்பான பேனாவால் போட்டுவிட்டு, மறுபடி பச்சை மையில் போட்டார். பக்கம் 79-இல் மட்டும் அவர் கையெழுத்து இரண்டு.

அனுப்புகைப் பிரிவில் அதற்கு ஒரு கோப்பு எண் போட்டு, எல்லா அலுவலகத்துக்கும் பிரதி அனுப்பினார்கள். 'தகவலுக்காகவும் உரிய நடவடிக்கைக்காகவும்.' எந்தக் காகிதத்துக்கும் இதே ரப்பர் ஸ்டாம்ப்தான். பக்கோடா பில்லுக்கும் குத்துவார்கள்.

மழை. அப்பாவுக்குப் போன் செய்தேன். வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

டிசம்பர் 9, திங்கள்

புது எண்ணிலிருந்து அழைப்பு. வட்டாட்சியர் அலுவலக சர்வேயர் பொன்னையன்.

"இந்த மாதிரிப் பாதைத் திட்டம் நீங்க எழுதுனதாம்மா? உங்க நம்பர்தான் போட்டிருக்கு."

"திட்டமா சார்?"

"ஆமா. மாதிரிப் பள்ளி, மாதிரிக் கிராமம்லாம் வந்துச்சுல்ல. இப்ப மாதிரிப் பாதை. மாவட்டத்துக்கே முதல் பாதை போல. அளக்கச் சொல்லி எங்கய்யாவே கையெழுத்துப் போட்டிருக்காரு. அவர்கிட்ட காட்டுனேன். என் கையெழுத்துதான், செய்ய வேண்டியதுதானேன்னு சொல்லிட்டாரு."

இந்த இடத்தில் நான், 'சார், மாதிரி என்றால் உதாரணம், அது ரோடு இல்லை, மனு போகிற பாதை' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சிக்னல் சரியில்லை.

"படம் ஒன்னு குடுத்திருக்கீங்க. நல்லாருக்கு. காலனி, மயானம் எல்லாம் தெளிவா இருக்கு. நடுவுல இந்த டைமண்டு என்னம்மா? முப்பது வருஷம் சர்வே பாக்குறேன், டைமண்டு பாத்ததில்ல."

ஊரில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன்.

"அது வாய்க்கால் சார். அந்த இடத்துல ஒரு சின்னப் பாலம்."

"அப்படிச் சொல்லுங்க. 'இல்லை'ன்னு போட்டு ஒரு கோடு சுத்தித் திரும்பக் காலனிக்கே வருதே?"

"அது வேணாம் சார். அடிச்சிடுங்க."

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பர் 18, புதன்

விடுப்பு எடுத்தேன். கள ஆய்வு என்று கம்பெனியில் சொன்னேன். பொய் இல்லை.

கரும்பு போன வாரம்தான் வெட்டியிருந்தது. சர்வேயர், கிராம உதவியாளர், பாதுகாப்புக்கு இரண்டு போலீஸ். சங்கிலியைப் பிடித்து அளக்க ஆரம்பித்ததும் தட்சிணாமூர்த்தி புல்லட்டில் வந்தார்.

"யாரக் கேட்டு என் கொல்லையில எறங்குன?"

பொன்னையன் 83 பக்கத்தையும் அவர் கையில் கொடுத்தார். தட்சிணாமூர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து வாய்விட்டுப் படித்தார். "கடவுச்சொல் எட்டு எழுத்துக்குக் குறையாமல் இருக்க ஆவன செய்யவும். இது இன்னாய்யா?"

"பெரிய திட்டம் சார். நெறைய அம்சம் இருக்கும். உங்க அம்சம் எழுபத்தொம்பதாம் பக்கம்."

அந்தப் பக்கத்தை அவர் இரண்டு முறை படித்தார். கையெழுத்துகளை விரல் வைத்து எண்ணினார். எட்டு வந்தது. மறுபடி எண்ணினார்.

"இன்ஸ்பெக்டர் ரெண்டு வாட்டி போட்டிருக்காரு."

"தீவிரமா இருக்காங்க சார்," என்றார் பொன்னையன்.

காலனி ஆட்கள் வாய்க்கால் கரையில் நின்றார்கள். தட்சிணாமூர்த்தி என்னைப் பார்த்தார். "இது ஏகாம்பரம் பொண்ணுதான? இங்க இன்னா பண்ணுது?"

"சாரு கூட வந்தேன்," என்றேன். மாலைக்குள் பதினாறு கல் நட்டார்கள். எண்ணினேன். வேண்டுமென்று எண்ணவில்லை.

ஜனவரி 3, வெள்ளி

ஒன்றியம் கிராவல் கொட்டிவிட்டது. நூறு நாள் வேலைக்கு வந்த எங்கள் தெருப் பெண்களே நிரவினார்கள். வாய்க்காலில் இரண்டு சிமெண்ட் குழாய். குழாயின் மேல் யாரோ வெள்ளைப் பெயிண்டில் அழகாக ஒரு டைமண்ட் வரைந்திருக்கிறார்கள். திட்டப்படி.

ஜனவரி 6, திங்கள்

மங்கையர்க்கரசி மேடம் கூப்பிட்டு அனுப்பினார். எதிர்நாற்காலியில் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். பிறகு ஒரு மனுவை என் பக்கம் தள்ளினார். தட்சிணாமூர்த்தி கொடுத்தது. 'பாதையை அகற்ற வேண்டும்.'

"வாசல்ல பையச் சோதிக்க வந்தாங்கன்னு ரகளையாம். இவர யாரும் இதுவரைக்கும் மோந்து பாத்ததில்ல போல."

"இத என்ன பண்ணுவீங்க மேடம்?"

"உன் வரையறைதான். ஏழு கையெழுத்து வாங்கியிருக்கியே. காலையில வட்டாட்சியருக்கு அனுப்பினேன். முடிஞ்சிடுச்சு. அவர் ஒன்றியத்துக்கு அனுப்பிட்டாராம். அங்கயும் முடிஞ்சிடுச்சு. ஸ்டேஷன்ல மட்டும் இன்னும் முடியல, சாப்பிடப் போயிருக்காங்க."

மென்பொருளில் இதுவரை ஒரு வரிகூட எழுதப்படவில்லை. அது வர ஆறு மாதம் ஆகும். வரையறை மட்டும் முன்னாலேயே வேலைக்கு வந்துவிட்டது.

மேடம் மூடியில்லாத பேனாவை எடுத்துத் துடைத்தார்.

"உன் முழுப் பேரு ஏ. சத்யவாணி. அந்த ஏ, ஏகாம்பரமா?"

டீ சூடாக இருந்தது. இந்த ஒரு கேள்விக்குத்தான் மூன்று மாதமாக நான் எந்தப் பட்டியலும் தயாரிக்கவில்லை. வேலை போகும், வழக்கு வரும், கல்லைப் பிடுங்குவார்கள் என்று வரிசையாக ஓடியது. கல்லைப் பிடுங்குவதுதான் கடைசியில் நின்றது.

"அந்தப் பதினாறு மனுவும் என் கை வழியாத்தான் போச்சு," என்றார். "ஒவ்வொன்னையும் நான்தான் முடிச்சேன். முத்து முத்தா எழுதியிருப்பாரு. ஆறுது, டீய குடி."

குடித்தேன்.

"திட்டம்னு ஆயிடுச்சுன்னா முடிவுச் சான்று வேணும். இல்லன்னா தணிக்கையில எவனாவது தோண்டுவான். உன் ஆவணத்துலயே இருக்கு பாரு, ஏழாம் பிரிவு."

ஏழாம் பிரிவு. பயனர் ஏற்புச் சோதனை. நான் எழுதியதுதான். எந்த மென்பொருளானாலும் ஒப்படைக்கும் முன் அதைப் பயன்படுத்தப் போகிறவர் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

'பயனர் தொடக்கம் முதல் முடிவுவரை முழுமையாகச் சென்று பார்த்துக் கையொப்பமிட ஆவன செய்யவும்.'

ஜனவரி 20, திங்கள்

இதற்காகவே ஒரு கூட்டம். மேடம், பொன்னையன், நான்.

"மயானப் பாதைக்குப் பயனர்னா," என்று இழுத்தார் பொன்னையன், "பொணந்தானம்மா?"

"கையெழுத்துப் போடணும் சார்."

"கைநாட்டு வச்சா ஒத்துக்குவாங்களா?"

"உயிரோட இருக்குற பயனர்னு எங்கயும் போடல," என்றார் மேடம். "ஆனா ஆதார் ஓ.டி.பி. வரணும்."

பொன்னையன் ரொம்ப நேரம் யோசித்தார். "அப்ப இப்பவும் இருக்கணும், அப்புறமும் பயனரா ஆகணும். அந்த மாதிரி ஆளு யாரு கெடைப்பா?"

நானும் மேடமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் டவுனில் கொடியேற்றம். மாதிரிப் பாதைக்காக ரங்கபிரசாத் சாருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. வாங்கிக்கொண்டார். போட்டோ அனுப்பியிருந்தார், 'டீம் வொர்க்' என்று.

நான் கருவேப்பஞ்சேரியில் இருந்தேன். படிவத்தை அப்பாவிடம் காட்டி மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன். பயனர் என்பதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

"சுத்தி வளைக்காத," என்றார் அப்பா. "நான்தான் பயனரு. வேற எவன் இருக்கான்? வெள்ளச் சட்டைய எடு."

640 மீட்டர். ஐம்பத்திரண்டு நிமிடம். ஆறு இடத்தில் நின்றார். கல் வரும் இடமாகப் பார்த்து நின்று, நின்ற கல்லிலெல்லாம் கை வைத்துப் பார்த்தார். என் தோளைப் பிடிக்க மாட்டேன் என்றார். தெருவே பின்னால் வந்தது.

"அண்ணே, மெதுவா போ. அவசரம் ஒன்னும் இல்ல," என்று யாரோ சொல்ல, அப்பா மூச்சு வாங்க நின்று, "அதத்தான்டா நானும் சொல்றேன்," என்றார்.

குழாய்ப் பாலத்தில் அந்த வெள்ளை டைமண்டைச் செருப்பால் தட்டிப் பார்த்தார். "இன்னாது இது?"

"கேள்விப்பா. தடை நீங்கியதான்னு கேக்குது."

கீழே ஓடுகிற தண்ணீரைக் குனிந்து பார்த்தார். பிறகு அதன்மேல் மிதித்துத் தாண்டினார்.

தட்சிணாமூர்த்தி மோட்டார் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். முதல் தடவை பாதையிலிருந்து நாங்கள் அவரைப் பார்த்தோம். இவ்வளவு காலமும் வாய்க்காலுக்குள்ளிருந்து நிமிர்ந்துதான் பார்த்திருக்கிறோம். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மோட்டாருக்கு அங்கே வேலை இருந்திருக்கும்.

சுடுகாட்டில் வேம்பு மாமாவை எரித்த இடத்துக்குப் பக்கத்தில் அப்பா உட்கார்ந்தார். படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகப் படித்தார். இதுவரை அவர் காகிதத்தில் கேட்டுத்தான் பழக்கம். காகிதம் அவரைக் கேட்பது இதுதான் முதல்முறை.

தொடக்கத்திலிருந்து தடங்கலின்றிச் செல்ல முடிந்ததா? ஆம். வழிகாட்டுக் குறியீடுகள் தெளிவாக உள்ளனவா? ஆம். முடிவை அடைய முடிந்ததா? ஆம். பயனர் மகிழ்ச்சியடைந்தாரா? பேனாவைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு ஆம்.

கடைசிக் கேள்வி எல்லா மென்பொருளுக்கும் நான் போடுவது. வேலை முடிந்தபின் பயனர் முதல் திரைக்கு வர முடிய வேண்டும் என்பதற்காக. 'முடிவை அடைந்த பயனரால் தொடக்கத்துக்குத் திரும்பி வர முடிந்ததா?'

"இத வீட்டுக்குப் போய்ப் போடுறேன்," என்றார்.

திரும்பி வர ஒரு மணி பத்து நிமிடம். கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, 'ஆம்' என்பதைச் சுற்றி வட்டம் போட்டார். கையெழுத்துப் போட்டார். அடியில், கேட்காமலே, பழக்கத்தில், 'பாதை வேண்டும்' என்று எழுத ஆரம்பித்துவிட்டார். பாதியில் நிறுத்தி அடித்தார்.

ஜனவரி 27, திங்கள்

படிவத்தைக் கொடுத்தேன். அப்பாவுக்குக் காய்ச்சல்.

ஜனவரி 29, புதன்

படிவம் திரும்பி வந்துவிட்டது. தணிக்கைப் பிரிவின் ஆட்சேபம், சிவப்பு மையில். 'மயானப் பாதையின் பயனர் முடிவை அடைந்தபின் தொடக்கத்துக்குத் திரும்பி வந்ததாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. இது ஏற்கத்தக்கதாக இல்லை. விளக்கம் அளிக்க ஆவன செய்யவும்.'

காலையில் அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஆக்சிஜன் குழாயோடு, சான்று கிடைத்ததா என்று கையால் கேட்டார். நாளைக்கு என்றேன். வார்டு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்து விளக்கம் எழுதினேன். நாலு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதில் ஒரே வரி.

'மேற்படி பயணம் மாதிரி மட்டுமே.'

ஏற்றுக்கொண்டார்கள்.